கூரை வழியாக வந்தவன்

கடலே விழுங்கப் பார்த்து, முடியாமல் துப்பிவிட்ட ஆள் லோகு. அப்பேர்ப்பட்டவன் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், மகளுடைய மார்க் ஷீட்டைக் கையில் பிடித்தபடி, “தல நோவுதும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாய்ந்தான் என்றால் யார்தான் நம்புவார்கள்? அவனுடைய சிநேகிதன் ஆல்வின் நம்பவில்லை. விழுந்து இரண்டு நாள் ஆகியும் நம்பவில்லை. நம்புகிறவர்களைக் கண்டால் அவனுக்குக் கோபம் வந்தது.

எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கட்டிலில் லோகு கிடக்கிறான். ஆறடி உடம்பு, முறுக்கு மீசை, உப்புக் காற்றில் செம்பட்டை பாய்ந்த தலைமயிர் எல்லாம் அப்படியே இருக்கிறது. வாயில் சொருகிய குழாய் ஒன்றுதான் புதிது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு. அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டு வெளியே வந்தவனிடம் ஒரு டாக்டரம்மா சொல்கிறார்: “மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு சார். மூளை மொத்தமா நின்னுபோச்சு. ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம். இப்ப மூச்சு விடுறது மெஷின்தான். சட்டப்படி இது மரணம்.” அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்காலி போட்டு உட்கார வைத்து, பொறுமையாகத்தான் சொன்னார். உறுப்பு தானம் பற்றியும் சொன்னார். குடும்பம் சம்மதித்தால் நாலைந்து பேர் பிழைப்பார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஆல்வின் காதில் விழுந்தது முதல் பாதிதான். தலையில் இடி விழுந்தவன் போல உட்கார்ந்திருந்தவன் திடீரென்று எழுந்து நின்றான். “மேடம், உங்களுக்குத் தெரியாது. இவன் ஏற்கெனவே ஒரு தடவை செத்துட்டு வந்தவன்” என்றான்.

துக்கத்தில் உளறுகிறான் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார். உளறல் இல்லை, கேளுங்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள குப்பத்திலிருந்து லோகுவும் மாரி என்கிறவனும் ஒரு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. இன்ஜின் படுத்துக்கொண்டது, காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. அப்போது யாருக்கு என்ன தெரியும்? தேடினார்கள், அலுத்தார்கள். மூன்று வாரம் தாண்டியதும் குப்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அதற்கு லோகுவின் சட்டையைப் போட்டு, காரியத்தை முடித்துவிட்டார்கள். லோகுவின் மனைவி வச்சலா முழங்கால் தண்ணீரில் நின்று தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். ஆல்வின் கிறிஸ்தவன், ஆனாலும் அந்த வைக்கோலுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தான். மாரிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. தாய் தகப்பன், பெண்டாட்டி என்று அவனுக்கு நாதி கிடையாது.

அடுத்த வாரமே ஆந்திராவிலிருந்து போன் வந்தது. இரண்டு பேரையும் ஏதோ ஒரு விசைப்படகுக்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து கரை சேர்த்திருக்கிறான். குப்பத்துக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. காரியம் முடிந்த மனுஷன் திரும்பி வந்தால் தலைவாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவன் செத்தவன், மறுபடி பிறந்துதான் உள்ளே வர வேண்டும். அதனால் கூரையில் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைக் கழற்றி, இடுப்பில் வேட்டியைக் கட்டி, லோகுவை மேலேயிருந்து வீட்டுக்குள் இறக்கினார்கள். சேலையில் தொட்டில் கட்டிப் படுக்க வைத்து, பாலாடையால் பால் புகட்டி, காதில் பெயர் சொன்னார்கள். தொட்டிலின் ஒரு முனையைப் பிடித்திருந்தது ஆல்வின். ஆறடிக் குழந்தையின் கனம் தாங்காமல் சேலை டர்ரென்று கிழிந்தது. கீழே விழுந்த குழந்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னது. அழுதுகொண்டிருந்த குப்பம் அப்படியே சிரித்தது. சாயங்காலம் வச்சலாவுக்கு மறுபடி தாலி ஏறியது.

அன்றிலிருந்து குப்பத்துக் கணக்கில் லோகுவின் வயது அந்தத் தொட்டிலிலிருந்துதான். இப்போது அவனுக்கு ஒன்பது. ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் கூடியிருந்த ஜனமும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. “ஒம்போது வயசுப் புள்ளய எமன் இன்னாத்துக்குக் கேக்கப்போறான்? அவன் கணக்க அவன் அன்னிக்கே முட்ச்சிகினு போய்ட்டான். டாக்டருக்கு இன்னா தெரியும்?”

கடலோடு பிழைப்பவர்கள் அப்படிப் பேசினால் ஒரு நியாயம் இருக்கிறது. ஆல்வின் அதைப் பிடித்துத் தொங்கியதைத்தான் என்னவென்று சொல்ல! பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன் அவன். தாத்தா காலம் வரை அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலாகச் சாக்பீஸ் பிடித்தவன். வருடா வருடம் அவனுக்கு வருவது பழங்காவியப் பேப்பர். எந்தத் தேசத்துக் காவியமாக இருந்தால் என்ன, எலும்புக்கூடு ஒன்றுதான் என்பான். ஒரு வீரன், அவனுக்கு ஓர் உயிர்த்தோழன், தோழன் சாகிறான், சாகாத வழி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வீரன் கிளம்புகிறான். போர்டில் அம்புக்குறி போட்டு, இது பத்து மார்க் கேள்வி, குறித்துக்கொள்ளுங்கள் என்பான். சாவு அதுவரைக்கும் அவனுக்குப் பத்து மார்க்.

லோகு அவனுக்குச் செங்கல்பட்டுப் பள்ளி ஹாஸ்டலில் பக்கத்துப் பாய். ஒன்பதாவதோடு லோகு புத்தகத்தை வீசிவிட்டுக் கடலுக்குப் போனான். ஆல்வின் மேலே மேலே படித்தான். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் ஆல்வினுடைய பைக் நேராகக் குப்பத்துக்குத்தான் போகும். போய்ச் சண்டைதான் போடுவார்கள். எதற்கு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆல்வின் மனைவி ஜெசிந்தா, “வாரம் ஒருவாட்டி திட்டு வாங்கலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காது” என்பாள். உண்மைதான், அவனுக்கு இறங்காது.

சண்டை ஓய்ந்ததும் ஆல்வின் அந்தக் கடல் கதையைக் கேட்பான். லோகுவும் சலிக்காமல் சொல்வான். குடிதண்ணீர் தீர்ந்து, வெயில் பொசுக்க, மாரி புத்தி பிசகிக் கடலில் குதிக்கப் பார்த்தானாம். லோகுதான் அவனை அமுக்கிப் பிடித்து, வலைக் கயிற்றால் போட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தானாம். “சாவுன்னா இன்னா மச்சான்? நம்ம பயந்தாதான் அது சாவு” என்று முடிப்பான். ஆல்வினுக்குப் புல்லரிக்கும். ஒவ்வொரு வருடமும் வகுப்பில், வீரன் என்றால் யார் என்கிற இடம் வரும்போது, “என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான்” என்று ஆரம்பித்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவனைத்தான் இப்போது, மெஷினை நிறுத்தட்டுமா என்று கேட்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஆல்வின் பண்ணிய ரகளை கொஞ்சநஞ்சம் இல்லை. வார்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றான். “எவனும் மெஷின்ல கை வைக்கக் கூடாது. அவன் எழுந்து வருவான். எனக்குத் தெரியும்” என்று கத்தினான். அழுகையும் கோபமும் சேர்ந்து குரல் உடைந்தது. செக்யூரிட்டி ஓடிவந்தார். மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பாவம், ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வச்சலா வந்து அவன் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தூங்காத கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் அவள் அழவில்லை.

“அண்ணா, ஒரு வேல செய்றியா?”

“சொல்லும்மா.”

“மாரியண்ணனப் போய்ப் பாத்துட்டு வா. அன்னிக்குக் கடல்ல இவரு எப்டி உசுரோட இருந்தாருன்னு கேளு. பக்கத்துல இருந்தது அவரு ஒருத்தருதான. ஒண்ணு வுடாம கேட்டுகினு வா.”

“போன்ல கேட்டா?”

“போன்ல இன்னா சொல்லுவாரு? நேர்ல போண்ணா.”

ஆல்வினுக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. ஆமாம், அதுதானே வழி! லோகு அங்கே எப்படித் தாக்குப் பிடித்தான் என்று தெரிந்தால், இங்கேயும் பிடிப்பான் என்று டாக்டரிடம் எடுத்துச் சொல்லலாமே. இத்தனை நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

“நான் வர வரைக்கும் யாரையும் எதுவும் பண்ண விடாத” என்றான்.

“நீ கெளம்பு. வெய்ய ஏறிடும்” என்றாள் வச்சலா. இரண்டு படி இறங்கியவனை மறுபடி கூப்பிட்டாள். “அண்ணா, உள்ள போயி அவர ஒரு தபா பாத்துட்டுப் போயேன்.”

“வந்து பாக்கிறேன்மா” என்று ஓடினான் ஆல்வின்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் பைக் பறந்தது. ஹெல்மெட் போட மறந்துவிட்டான். சாப்பிட்டு எத்தனை வேளை ஆயிற்று என்பதும் நினைவில்லை. மனத்துக்குள் டாக்டரம்மாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். அவர் வாயடைத்துப் போகிற மாதிரியும், லோகு கண் திறந்து, “இன்னா மச்சான், ஒப்பாரியா வெக்கிற?” என்று கேட்கிற மாதிரியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சி ஓடியது. போர்டில் அம்புக்குறி போட்ட மனுஷன் தானே அந்த அம்புக்குறி மேல் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதை யோசிக்கவே இல்லை.

மாரி இப்போது கடலுக்குப் போவதில்லை. மாமல்லபுரம் கடற்கரையில், சுற்றுலா வருகிறவர்கள் ஆழத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிற காவல் வேலை. ஆரஞ்சு பனியன், கழுத்தில் விசில். பகல் முழுக்க மணலில் நின்று ஊதிக்கொண்டிருப்பான், தண்ணீரில் கால் நனைக்க மாட்டான். ஆல்வின் மூச்சு வாங்க ஓடி வருவதைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

“இன்னா வாத்யாரே, லோகு எப்டி கீறான்?”

“உசுரோட இருக்கான்” என்றான் ஆல்வின் அழுத்தமாக. “மாரியண்ணா, அன்னிக்குக் கடல்ல அவன் எப்படித் தாக்குப் பிடிச்சான்? எனக்கு அது தெரியணும்.”

மாரி அவனை மேலும் கீழும் பார்த்தான். “அவன் உங்கிட்ட ஒண்ணியும் சொன்னதில்ல?”

“சொல்லியிருக்கான். நீங்க குதிக்கப் பார்த்ததும், அவன் உங்களைக் கட்டி வச்சதும். அது இல்லை. தண்ணி இல்லாம, சோறு இல்லாம அவன் எப்படித் தெம்பா இருந்தான்? அதைச் சொல்லுங்க.”

மாரி திரும்பி நீளமாக விசில் ஊதினான். “யோவ் செவப்புச் சட்ட! கொழந்தயத் தூக்குய்யா! அல வர்து தெர்ல?” என்று கத்தினான். அந்த ஆள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்ததும், ஆல்வின் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்:

“குதிக்கப் பாத்தது நான் இல்ல. லோகு.”

ஆல்வினுக்குப் புரியவில்லை. “என்ன?”

“தண்ணி தீந்து போச்சு. லோகு எங்கிட்ட, எம் பொண்ணு கூப்புடுதுடான்னான். எங்கடான்னேன். தண்ணிக்குள்ளன்னான். சொல்லிகினே ஒரு கால வெளிய போட்டுட்டான். நான் பாஞ்சி புட்ச்சி இஸ்து, வலக்கயித்தால பலகயோட சேத்துக் கட்னேன். அவுத்து வுட்றா, அவுத்து வுட்றான்னு ராவும் பகலும் கதறினான். கட்ச்சிட்டான். தோ பாரு.”

கட்டைவிரலுக்குக் கீழே வரிசையாகப் பல் பதிந்த தழும்பு. ஆல்வின் கண்ணை அதிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“பொய்” என்றான்.

“சரி, பொய்” என்றான் மாரி. மறுபடி கடலைப் பார்த்து விசில் ஊதப் போனான்.

ஆல்வின் அவன் கையைப் பிடித்து இழுத்தான். “இருங்க, இருங்க. உண்மைன்னா இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கல?”

“ரயில்ல வரச்சே எங்கையப் புட்ச்சிகினு அழுதான். குப்பத்துல சொல்லிடாதடான்னான். சரின்னேன். அத்தோட வுட்டிருந்தா பேஜாரு இல்ல. ஒரு கல்யாணத்துல தண்ணியப் போட்டுட்டுக் கதய தலகீழா மாத்திட்டான். அவன் கட்னானாம், நான் கதறினேனாம். ஜனம் கைதட்டிச்சி. அதுக்கப்பறம் எவன் என்ன போட்ல ஏத்துவான்? கடல்ல புத்தி மாறி குதிக்கிறவன்னு பேராயிடுச்சி. அதான் இங்க ஊதிகினு நிக்கிறேன்.” மாரி பனியனில் விசிலைத் துடைத்தான். பிறகு, “போன வருசம் உங்க காலேஜ் பசங்க டூர் வந்தாங்க. எங்க சார் சொல்ற கதைல வர்ற ஆளு நீங்கதானன்னு கேட்டு என்னோட செல்பி எடுத்துகினாங்க. குதிக்கப் பாத்தவரு நீங்கதானன்னு” என்றான்.

பளாரென்று கன்னத்தில் விழுந்தது போலிருந்தது ஆல்வினுக்கு. எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை கைதட்டல்! லோகுமேல் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. டேய் பாவி, என்னிடம் கூடவாடா? பக்கத்துப் பாயில் படுத்தவனிடம் கூடவா?

“எனக்கும் கோவம்தான், இல்லேன்னு சொல்லல” என்றான் மாரி. “ஆனா நீ கேட்டது அது இல்ல. எப்டி உசுரோட இருந்தான்னு தான கேட்ட? அவன் இருக்கல வாத்யாரே. நான் வெச்சிகினு இருந்தேன்.”

“அவனைக் காப்பாத்தத்தானே அண்ணா…”

“காப்பாத்தவா?” மாரி சிரித்தான். சிரிப்பு நல்லாயில்லை. “சும்மா சொல்லக் கூடாது. தனியா சாவ எனக்கு பயம். அவன் பூட்டா அவ்ளோ தண்ணில நான் ஒர்த்தன். பேச ஆள் இல்ல, திட்ட ஆள் இல்ல. அதுக்குதான் கட்னேன். அவனுக்கு நோவுதான்னு ஒரு தபா கூட கேக்கல. கயிறு அறுத்து ரத்தம் வந்துது, அப்ப கூட அவுக்கல. அந்த போட்டுக்காரன் வந்தான், அதனால அது நல்லதாப் பூட்ச்சி. வரலேன்னா? அவன இம்ச பண்ணியே சாவட்ச்சிருப்பேன்.”

ஆல்வின் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மாரியும் பக்கத்தில் குந்தினான். கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். “நீ இன்னாத்துக்கு அவன வெச்சிகினு கீற? மெஷின் மாட்டி?”

அதற்கு ஆல்வினிடம் பதில் இருந்தது. இருந்ததுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பைக்கை எந்தப் பக்கம் திருப்புவது? யாரிடம் போய்ச் சண்டை போடுவது? “வாத்யாரே, நீயெல்லாம் ஒரு வாத்யாரு” என்று இனி யார் சொல்வார்கள்? மூன்று நாளாக அவன் கத்தியது எல்லாம் இதற்குத்தான். குழாய் சொருகிய தொண்டை வலிக்குமா, அந்த உடம்புக்கு இன்னும் எத்தனை நாள் இந்த அவஸ்தை என்று ஒரு தடவைகூட அவன் நினைக்கவில்லை. மனத்தில் ஓடியதெல்லாம் நான், நான், எனக்கு, எனக்கு. நாற்பத்து மூன்று வயது மனுஷன் சுற்றுலாக்காரர்களுக்கு நடுவே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு பெண் பயந்துபோய்த் தள்ளி நின்றாள்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “போய் வச்சலாகிட்ட சொல்லிடுறேன் அண்ணா. போதும்னு சொல்லிடுறேன்.”

“சீக்கிரம் போ” என்றான் மாரி. “ட்யூட்டி முட்ச்சிகினு நானும் வரேன்.”

திரும்பி வருகிற வழியில் ஆல்வினுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போக வேண்டும், லோகுவின் கையைப் பிடிக்க வேண்டும், அது சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். காது கேட்காது என்று டாக்டர்கள் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். டேய் பொறுக்கி, என்னிடம் ஏன்டா மறைத்தாய் என்று நன்றாகத் திட்ட வேண்டும். நீ குதிக்கப் பார்த்தவனாக இருந்தால் நான் உன்னை விட்டுப் போயிருப்பேனா என்று கேட்க வேண்டும். கடைசியில், சரி, போய் வாடா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவன் தானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அந்தப் பாத்தியதை கிடையாது. இதை நினைக்க நினைக்க ஆக்ஸிலரேட்டர் தானாக முறுகியது.

செங்கல்பட்டு ஊரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டு முனைக்கு வந்தால், போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டி நிற்கிறார். பஸ், லாரி, ஷேர் ஆட்டோ என்று எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. உச்சி வெயில். நாலாபுறமும் ஹாரன். ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆல்வின் வண்டிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து முன்னால் வந்துவிட்டான்.

“சார், என்னை விடுங்க. என் ஃப்ரெண்டு ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கான்.”

“ரெண்டே நிமிஷம் சார். வண்டி ஒண்ணு வருது.”

“யார் வண்டி? மந்திரியா?”

“ஆம்புலன்ஸ் சார்.”

தூரத்தில் சைரன் கேட்டது. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்தது. முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு ஜீப், நடுவில் அந்த வெள்ளை வண்டி. சென்னை பக்கம் போகிற பாதையை மொத்தமாக அதற்குத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆல்வினுக்குத் தாங்கவில்லை. பசி, வெயில், அழுகை எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது.

“ஆம்புலன்ஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் போலீஸா? எவனாவது பெரிய மனுஷனா இருப்பான்! அவன் செத்தா என்ன, பிழைச்சா எனக்கென்னய்யா? நான் என் ஆளைப் பார்க்கணும், வழி விடுய்யா!” என்று நடுரோட்டில் தொண்டை கிழியக் கத்தினான்.

“அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றார் போலீஸ்காரர். அதற்குள் வண்டி அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் பைக்கில் இருந்த ஒருவர் என்ன நினைத்தாரோ, நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடித் திறந்தார். ஆல்வின் அவரையும் முறைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

மூன்று மாடியையும் ஓடியே ஏறினான். வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கட்டில் காலி. மெஷின் அணைந்து ஓரமாக நின்றது. ஒரு நர்ஸ் புது விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆல்வினுக்கு ஒரு நிமிடம் தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. கதவு எண்ணை வெளியே போய்ப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான். அதே கட்டில்தான்.

“ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போங்க சார்” என்றார் நர்ஸ். “அவங்க வீட்டம்மா அங்கதான் இருக்காங்க.”

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் வச்சலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை பானுமதி அவள் தோளை அணைத்திருந்தாள். ஆல்வினைப் பார்த்ததும் பானுமதி எழுந்து இடம் விட்டாள். அவன் உட்காரவில்லை.

“எங்க அவன்?”

“உள்ளதான் கீறாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல உடம்பக் குடுத்துடுவாங்கண்ணா.”

“நான் வந்து சொல்லுறேன்னு…”

“நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றாள் வச்சலா.

ஆல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டான். “அப்ப என்னை எதுக்கு அனுப்பின?”

“நீ இருந்தா வுட்டிருப்பியா? இன்னிக்குக் காலைல கதவ மறிச்சிகினு நின்னியே, அவரு மேல உனுக்கு மட்டுந்தான் பாசமா?” அவள் குரல் உயரவில்லை. “எனக்கு வேற வழி தெரியலண்ணா. குப்பத்து ஜனத்த நான் சமாளிச்சிப்பேன். உன்ன சமாளிக்க முடியாது. அதான் மாரியண்ணனுக்குப் போன் போட்டு, அண்ணன் வருவாரு, உள்ளத சொல்லிடுன்னேன்.”

“உனக்குத் தெரியுமா? அந்தக் கயிறு…”

“கூரையிலேந்து எறங்கன அன்னிக்கே எங்கிட்ட சொல்லி அழுதுட்டாரு. உங்கிட்ட மட்டும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினாரு. நீ அவர ஒரு ஹீரோவாட்டம் பாப்பியாமே. கத கேக்கறச்சே உங்கண்ணுல அது தெரியுமாம். அது போயிடும்னு அவருக்கு பயம். கடல்ல கூட அவ்ளோ பயப்படல.”

ஆல்வின் தரையில் உட்கார்ந்தான். “திட்டத்தான் வந்தேன் வச்சலா. திட்டிட்டு, போடான்னு சொல்லத்தான் வந்தேன். கையைப் பிடிச்சு…”

அப்போதுதான் அவள் உடைந்தாள். வாயில் சேலைத் தலைப்பை அமுக்கிக்கொண்டு அழுதாள். “நான் சொன்னனே அண்ணா, ஒரு தபா பாத்துட்டுப் போன்னு சொன்னனே” என்றாள். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். பானுமதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

வச்சலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தேற்றுகிற மாதிரி பேசினாள்.

“நல்லபடியாத்தான் அனுப்பிச்சாங்கண்ணா. டாக்டருங்க, நர்சுங்க, பெருக்குற அம்மா வரைக்கும் வராண்டால ரெண்டு பக்கமும் வரிசையா நின்னாங்க. உள்ள எடுத்துனு போறச்சே எல்லாரும் தலை குனிஞ்சாங்க. நெஞ்சு மட்டும் மெட்ராசுக்குப் போயிருக்கு. யாருக்குன்னு சொல்ல மாட்டாங்களாம். முன்னாடி ஒரு ஜீப்பு, பின்னாடி ஒரு ஜீப்பு, ராஜாவாட்டம் போனாரு. ரோட்ல எல்லா வண்டியும் நிறுத்திட்டாங்களாம். நீ வர்ற வழிலதான போயிருக்கணும், பாக்கலயா?”

ஆல்வினுக்கு எல்லாம் மறுபடி கண் முன்னால் வந்தது. அந்த வெள்ளை வண்டி, அந்தச் சைரன், நெஞ்சில் கை வைத்த அந்த மனுஷன், தான் கத்திய கத்தல், அதில் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. லோகுவின் இதயம்தானே அதில் போயிருக்கிறது, இன்னொரு நெஞ்சில் துடிக்க வைக்கத்தானே அத்தனை அவசரம் என்று நினைத்தான்.

“பாத்தேன்” என்றான்.

“பாத்தியா!” வச்சலாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவன் பக்கமாகக் குனிந்தாள். “கும்புட்டியாண்ணா?”

“கும்பிட்டேம்மா” என்று பொய் சொன்னான் ஆல்வின்.